செகண்ட் ஹேண்ட் ஆம்னி எஞ்சின்: வண்டியில் ஏற்றும் முன் எதுவரை பிரித்துப் பார்க்க வேண்டும்?

உப்பூர் வேன் எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டில் கருவாட்டு வியாபாரம். உப்பூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தேவிபட்டினத்துக்கும் ராமநாதபுரத்துக்கும் சரக்கு எடுத்துச் செல்ல, கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் ஆம்னி ஒன்றைப் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறோம். அண்மைக் காலமாக ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் ஆயில் மூடியைத் திறந்தபோது, கடைந்த மோரின் நுரையைப் போல வெண்மையாக ஏதோ அதன் அடிப்பக்கம் முழுவதும் அப்பியிருந்தது. அன்றே வண்டியை நிறுத்திவிட்டேன். பழைய எஞ்சின் விற்பவர் ஒருவரிடம் அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினை வாங்கி வந்திருக்கிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆம்னியிலிருந்து இறக்கியது என்று அவர் சொன்னார்; ஆனால் ஓட்டிக் காட்டவில்லை.

எஞ்சின் இப்போது எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஒரு டயரின் மேல் இருக்கிறது. கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் போட்டுச் சுற்றினால் சுற்றுகிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் சற்று இறுகி, கரகரவென்று மெல்லிய ஒலி கேட்கிறது. தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். அந்த வாயின் ஓரத்தில் வெண்மையான பொருக்கு கட்டியிருக்கிறது. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்கிறது. உள்ளே தெரிகிற தண்ணீர் செம்மண் கலந்தது போல் இருக்கிறது.

விவசாயப் பம்ப்செட் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிய பழக்கம் எனக்கு உண்டு. கார் எஞ்சினில் கை வைத்ததில்லை. இதை அப்படியே வண்டியில் ஏற்றிவிடலாம் என்று மாமா சொல்கிறார். முழுவதும் பிரித்து, ரிங், பேரிங், கேஸ்கட் எல்லாம் புதிதாகப் போட்டு ஏற்றலாம் என்பது என் விருப்பம். எதுவரை பிரிப்பது முறை, எதை வீட்டிலேயே செய்யலாம், எதைப் பட்டறைக்குக் கொடுத்தாக வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடன் இருப்பேன்.

மண்டபம் பட்டறை எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதில் என் கவனம் முதலில் போனது தெர்மோஸ்டாட் வாயில் இருக்கிற அந்த வெள்ளைப் பொருக்கின் மேல்தான். நான் பெரும்பாலும் விசைப்படகு எஞ்சின்களில் வேலை செய்பவன். இடையில் வேன், ஜீப் எஞ்சின்களும் வரும். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்படும் வரையில், தனுஷ்கோடி மணலில் பயணிகளை ஏற்றிப்போன வேன்களும் எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்குத்தான் வந்தன. மற்ற ஊர்களில் எஞ்சின் பெரும்பாலும் உள்ளிருந்து தேயும்: ரிங் தேயும், பேரிங் தேயும். நம் கரையில் எஞ்சின் தண்ணீர்ப் பாதையிலிருந்து கெடுகிறது. ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றுகிறோம், அது உவர்ப்பு. இந்த எஞ்சினில் சிலிண்டர்கள் இருக்கிற பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேல் மூடியாக உட்காரும் ஹெட் அலுமினியம். இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்புத் தண்ணீர் நின்றால், மின்கலத்தில் நடப்பதே அங்கும் நடந்து, அலுமினியம் கரைந்துகொண்டே வரும். இரண்டுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் உட்கார வேண்டிய சமதளத்தில் தண்ணீர்த் துளைகளின் விளிம்பு அரித்துப் போனால், எத்தனை புதுக் கேஸ்கட் போட்டாலும் தண்ணீர் நிற்காது. உங்கள் பழைய எஞ்சினில் ஆயிலும் தண்ணீரும் கலந்ததற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆகவே ரிங்கும் பேரிங்கும் வாங்குவதற்கு முன்னால் ஹெட்டை இறக்குங்கள். அதற்கும் முன்னால், காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. பஞ்சர் கடைக் கம்ப்ரஸரிலிருந்து காற்றுக் குழாய் ஒன்றை ஸ்பார்க் பிளக் துளைக்குப் பொருந்துமாறு செய்துகொண்டு, ஒவ்வொரு சிலிண்டராக, கம்ப்ரஷன் முடிவில் பிஸ்டன் உச்சிக்கு வந்து இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் குறைந்த அழுத்தத்தில் காற்றைச் செலுத்துங்கள். கிராங்க் சுழன்றுவிடாமல் ஒருவர் ஸ்பானரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கை அதில் சிக்கிவிடக் கூடாது. பிறகு காதை வைத்துக் கேளுங்கள். கார்புரேட்டர் வாயில் காற்று இரைந்தால் இன்டேக் வால்வு சரியாக மூடவில்லை. சைலன்சர் பக்கம் இரைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் இரைந்தால் ரிங் அல்லது சிலிண்டர். தண்ணீர்ப் பாதையை நிரப்பி வைத்திருந்து அதில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல். எந்தச் சிலிண்டரில் எது என்று எழுதி வைத்துக்கொண்ட பிறகே ஸ்பானரை எடுங்கள்.

அந்தக் கரகர ஒலியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். நின்றுபோன எஞ்சினில் ஏதாவது ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தபடிதான் இருக்கும். கடற்கரையில் மானிஃபோல்டை (காற்று உள்ளே போகிற, புகை வெளியே வருகிற குழாய்) துணியால்கூட அடைக்காமல் அதைப் போட்டு வைத்தால், உப்புக் காற்று அந்த வால்வு வழியாக உள்ளே போய், ரிங் நின்ற இடத்தில் சிலிண்டர் சுவரில் துருப் பட்டையாகப் படிந்துவிடும். நீங்கள் சொல்வது அதுவாக இருக்கலாம். அதனால் காற்றுச் சோதனைக்கு முன் மேற்கொண்டு சுற்றாதீர்கள், மூன்று பிளக் துளைகளிலும் சிறிது ஆயில் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள்.

ராம்நாடு டிராவல்ஸ் எழுதியது:

மண்டபம் அண்ணன் மீது எனக்கு மதிப்பு உண்டு. இருந்தாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் எஞ்சினைப் பிரிக்கத் தொடங்கிவிடக் கூடாது.

வாடகைக்கு வண்டி ஓட்டும் எங்களுக்கு, கம்பெனியில் பூட்டிய அடிப்பாகத்தை, அதாவது கிராங்க், கனெக்டிங் ராட், பிஸ்டன் ஆகியவற்றைத் தக்க காரணமின்றித் தொடக் கூடாது என்பது ஒரு கட்டுப்பாடு. ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஒன்றோடொன்று பழகித் தேய்ந்த பாகங்கள் அவை. அவற்றைக் கலைத்து, புதிய ரிங்கைப் பழைய சுவரிலும், எந்தத் தரம் என்று தெரியாத பேரிங்கைப் பழைய ஜர்னலிலும் (கிராங்க்கில் பேரிங் உட்காரும் இடம்) போட்டால், முன்பிருந்ததை விட மோசமாகப் போவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வீட்டில் பிரித்த ஓர் எஞ்சினில் பேரிங் மூடிகள் இடம் மாறிப் பூட்டப்பட்டு, கிராங்க் இறுகி, புதிய பேரிங் முதல் பயணத்திலேயே உரிந்து போனது. என் கருத்தில், கம்ப்ரஷன் சரியாக இருந்தால் அடிப்பாகத்தை விட்டுவிடலாம். ஹெட் கேஸ்கட், வால்வு சீல், முன்னும் பின்னும் உள்ள ஆயில் சீல்கள், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் ஆகியவற்றை மாற்றி ஏற்றிவிடலாம். எஞ்சின் வெளியில் இருக்கும்போது இவற்றை மாற்றுவது எளிது. வண்டிக்குள் போன பிறகு முன் இருக்கையைத் தூக்கிவிட்டு அந்தச் சந்தில் கை நுழைக்க வேண்டும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஆம்னியில் எஞ்சின் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை இயக்குகிறது. மாருதி 800இல் அதே எஞ்சின் குறுக்கு வாக்கில் உட்கார்ந்து முன்சக்கரத்தை இயக்குகிறது. சிசி ஒன்று என்பதால் எல்லாம் ஒன்று என்று பொருளில்லை. பிராக்கெட், சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி), மானிஃபோல்ட் மூன்றையும் உங்கள் பழைய எஞ்சினோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கார்புரேட்டர் வண்டியில் இன்ஜெக்டர் எஞ்சினை வாங்கிவிட்டால் அலைச்சல் அதிகம்.

மண்டபம் பட்டறை எழுதியது:

டிராவல்ஸ் தம்பி சொல்வதில் பாதியை நான் மனமார ஏற்கிறேன். ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சினைக் காரணமில்லாமல் பிரிக்கக் கூடாது. ஆனால் இந்த எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சின் அல்ல. யாரும் இதை ஓட்டிக் காட்டவில்லை. எத்தனை மழைக்காலம் வெளியில் கிடந்தது என்பதும் தெரியாது. துருப் பட்டையின் மேல் ரிங் ஓடினால், முதல் நாளில் கம்ப்ரஷன் நன்றாகவே காட்டும். பிறகு ரிங்கின் விளிம்பு மழுங்கி ஆயில் குடிக்கத் தொடங்கும். அதனால்தான் பிரிப்பதா வேண்டாமா என்பதை விருப்பத்துக்கு விடாமல் அளவுக்கு விட வேண்டும் என்கிறேன்.

சிலிண்டர் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வீட்டில் இல்லையென்றால், சந்தில் நுழைத்து இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான பீலர் கேஜை வைத்தே சிலிண்டரின் தேய்மானத்தை அறியலாம். ஹெட்டை இறக்கி, பிஸ்டனைக் கழற்றிய பின், ஒரு கம்ப்ரஷன் ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து அதைச் சாயாமல் தள்ளுங்கள். மேல் விளிம்பில் தெரிகிற திட்டுக்குச் சற்றுக் கீழே ரிங்கை நிறுத்தி அதன் வாய் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். பிறகு ரிங் ஓடாத அடிப்பகுதிக்குத் தள்ளி மீண்டும் அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல் வகுத்தால், மேலும் கீழும் சிலிண்டர் விட்டத்தில் உள்ள வித்தியாசம் கிடைக்கும். இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 72 மில்லிமீட்டர். தேய்மானம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஹோனிங் (சுவரைக் கல்லால் மெல்லத் தேய்ப்பது) செய்து புது ரிங் போடலாம், 0.10ஐத் தொட்டால் சிலிண்டரைப் பெரிதாகத் துளைக்கும் போரிங்தான்.

பேரிங் மூடி இடம் மாறுவதைப் பற்றித் தம்பி சொன்னது மிக முக்கியம். மெயின் பேரிங் மூடிகளில் எண்ணும் அம்புக்குறியும் இருக்கும். அம்பு கிராங்க் புல்லிப் பக்கம் பார்க்க வேண்டும். கனெக்டிங் ராடு மூடிகளுக்கு, பிரிக்கும் முன்பே 1, 2, 3 என்று ராடிலும் மூடியிலும் ஒரே பக்கத்தில் பெயின்டால் குறித்துவிடுங்கள். ஒரு ராடின் மூடி இன்னொன்றுக்குப் பொருந்துவது போலத் தோன்றும், பொருந்தாது. அவை ஒன்றாகப் பூட்டப்பட்டே துளையிடப்பட்டவை.

உப்பூர் வேனிடம் ஒரு கேள்வி. உங்கள் பழைய எஞ்சின் எங்கே? அதைப் போட்டுவிடவில்லையே?

உப்பூர் வேன் எழுதியது:

பழைய எஞ்சின் இன்னும் வண்டியிலேயே இருக்கிறது, ஐயா. அதை எடைக்குப் போடலாம் என்று நினைத்திருந்தேன்.

மண்டபம் பட்டறை எழுதியது:

போடாதீர்கள். வாங்கிய எஞ்சினின் வரலாறு உங்களுக்குத் தெரியாது. பழையதன் வரலாறு முழுவதும் தெரியும். யார் ஓட்டினார்கள், எப்போது ஆயில் மாற்றினார்கள், எப்போது சூடேறியது எல்லாம் உங்கள் வீட்டுக்குள் இருக்கிற செய்தி. இரண்டையும் இறக்கி, இரண்டு ஹெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆறு சிலிண்டரையும் அளந்து இங்கே எழுதுங்கள்.

பரமக்குடி லேத் எழுதியது:

நான் போரிங், கிராங்க் கிரைண்டிங் செய்யும் பட்டறையில் இருக்கிறேன். வீட்டில் பிரிப்பவர்கள் எங்களிடம் வரும்போது வழக்கமாக நேரும் குழப்பங்களை மட்டும் எழுதுகிறேன்.

பிஸ்டனை வாங்காமல் பிளாக்கை மட்டும் கொண்டுவந்து 0.25 போர் போடுங்கள், அதாவது விட்டத்தை 0.25 மில்லிமீட்டர் பெரிதாக்குங்கள் என்பார்கள். பெட்டியில் 0.25 என்று அச்சிட்டிருந்தாலும் நாங்கள் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகுதான் சிலிண்டரை அதற்கேற்பத் துளைப்போம். ஆகவே மூன்று பிஸ்டனும் கையில் இருக்க வேண்டும். அதே சமயம், நாங்கள் அளந்து சொல்லும் முன் பிஸ்டனை வாங்கிவிடவும் கூடாது. துருக்குழி ஆழமாக இருந்தால் 0.25 போதாமல் 0.50க்குப் போக வேண்டி வரும். முதலில் அளப்பதற்கு வாருங்கள், பிறகு வாங்குங்கள், பிறகு துளைப்பதற்கு வாருங்கள்.

ஹெட்டைச் சமதளமாக்குவதற்கு முன் விரிசல் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். தண்ணீர்த் துளைகளைத் தகட்டால் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்துவோம். விரிசல் இருந்தால் குமிழி எழும். விரிசல் விட்ட ஹெட்டை அரைப்பது வீண் செலவு. அரைக்கும்போதும் அரிப்பு மறையும் அளவுக்கு மட்டுமே எடுக்க வேண்டும். அதிகம் எடுத்தால் கம்ப்ரஷன் கூடும்; வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு கிராங்க்கை நெருங்குவதால் டைமிங்கும் (வால்வு திறந்து மூடும் நேரம்) சற்று விலகும்.

எங்கள் பட்டறையை விட்டுப் பளபளவென்று போகிற பிளாக் வீட்டுக்குப் போய்க் கெடுவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. ஹோனிங் முடிந்த சுவரில், ஏறத்தாழ 45 பாகையில் ஒன்றையொன்று வெட்டும் நுண்ணிய கோடுகள் இருக்கும். ஆயில் தங்குவது அவற்றில்தான். அந்தக் கோடுகளுக்குள் ஹோனிங் கல்லின் பொடி இருக்கும். பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ துடைத்தால் அது போகாது. சோப்பும் வெந்நீரும் விட்டு பிரஷால் தேய்த்து, வெள்ளைத் துணியில் ஆயில் நனைத்துச் சுவரைத் துடைத்தால் துணியில் சாம்பல் நிறம் ஒட்டாத வரை கழுவ வேண்டும். இங்கேதான் நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் வருகிறது. போர் தண்ணீரில் கழுவினால், துணியால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே சுவர் செம்பழுப்பாக மாறத் தொடங்கும். வீட்டுக்கு வரும் காவிரிக் கூட்டுக்குடிநீரில் கழுவுங்கள். ஈரத்தைக் காற்றால் ஊதி எடுத்த உடனே, தாமதமில்லாமல் ஆயில் பூசுங்கள். பூசிய பின் பாலித்தீன் பையில் கட்டி வையுங்கள்.

கடைசியாக, காலத்தைப் பற்றி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். கடற்கரைப் படகுகளின் எஞ்சின் வேலை முழுவதும் அப்போதுதான் நடக்கும். அந்த நாட்களில் மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் லேத் பட்டறைகளில் படகு வேலைக்கே முன்னுரிமை. சிறிய கார் பிளாக் மூலையில் காத்திருக்கும். தடைக்காலத்துக்கு முன்போ பின்போ கொடுப்பது நல்லது.

கீழக்கரை எழுதியது:

நான் வளைகுடாவில் ஒரு பணிமனையில் எஞ்சின் பிரிவில் வேலை செய்து திரும்பியவன். கருவியைப் பற்றிச் சுருக்கமாக: எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். இரவலாவது வாங்குங்கள். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று கட்டங்களில், சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். தளர்த்தும்போது வெளியிலிருந்து நடுவுக்கு வர வேண்டும். போல்ட் இறங்கும் துளைகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் ரெஞ்ச் காட்டும் அளவு பொய்யாகிவிடும். துளைகளை ஊதிக் காயவைத்த பிறகே போல்ட்டை இறக்குங்கள்.

பேரிங் இடைவெளியை அளக்க பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு போன்ற நூல் கிடைக்கிறது. ஜர்னலின் மேல் ஒரு துண்டு வைத்து, மூடியை முழு அளவுக்கு இறுக்கி, கிராங்க்கைச் சுற்றாமல் மீண்டும் கழற்றினால் நூல் நசுங்கியிருக்கும். அதன் அகலத்தை உறையில் அச்சிட்ட அளவுகோலோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். உள்ளூர்க் கடையில் இல்லையென்றால் இணையத்தில் வாங்கலாம். கையால் அசைத்துப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்வதை விட இது நூறு மடங்கு நம்பகமானது.

இடத்தையும் கவனியுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திறந்த கொட்டகையில் எஞ்சின் பூட்டவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத மணல் பேரிங்கில் ஒட்டினால் அது அரம்தான். பிரிப்பதைக் கொட்டகையில் செய்யுங்கள். பூட்டுவதைக் கதவு மூடிய அறையில் செய்யுங்கள்.

உப்பூர் வேன் எழுதியது:

இரண்டு எஞ்சின்களையும் பிரித்துவிட்டேன். எல்லோரும் சொன்னபடி அளந்ததை அப்படியே எழுதுகிறேன். அளவுகள் எல்லாம் மில்லிமீட்டரில்.

வாங்கிய எஞ்சின்: காற்றுச் சோதனையில் மூன்றாவது சிலிண்டரில் மட்டும் ஆயில் வாய் வழியாகப் பலமாக இரைந்தது. ஹெட்டை இறக்கியதும் காரணம் தெரிந்துவிட்டது. மூன்றாவது சிலிண்டரின் சுவரில், நடுவுக்குச் சற்று மேலே, சுண்டுவிரல் அகலத்தில் சுற்றிலும் துருப் பட்டை. ஆயிலும் மென்மையான ஸ்காட்ச் நாரும் கொண்டு துடைத்தபோது நிறம் போனது. குழிகள் போகவில்லை, நகம் தட்டுகிறது. ரிங் இடைவெளி அந்தச் சிலிண்டரில் மேலே 0.70, கீழே 0.39. மற்ற இரண்டும் பரவாயில்லை. தெர்மோஸ்டாட் வாய் அரித்திருந்தாலும், ஹெட்டின் சமதளத்தில் ஸ்கேலைக் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்துப் பார்த்தால் 0.05 பீலர் எங்கும் நுழையவில்லை. தண்ணீர்த் துளைகளின் விளிம்புகள் முழுமையாக இருக்கின்றன.

பழைய எஞ்சின்: ஹெட், இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவது சிலிண்டருக்கும் நடுவில் உள்ள தண்ணீர்த் துளையிலிருந்து கேஸ்கட்டின் உலோக வளையம் வரை அரித்துப் போயிருக்கிறது. துளை வட்டமாகவே இல்லை. ஆனால் சிலிண்டர்கள் நான் நினைத்ததை விட நல்ல நிலையில் இருக்கின்றன. ரிங் இடைவெளி முதல் சிலிண்டரில் மேலே 0.46, கீழே 0.37, இரண்டாவதில் 0.49, 0.37, மூன்றாவதில் 0.50, 0.38. பக்கவாட்டில் தண்ணீர்ப் பாதையை அடைக்கிற கோர் பிளக் என்ற உலோக மூடி ஒன்றை ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தியதும் முனை உள்ளே போய்விட்டது. தாளின் தடிமன்தான் மீதம் இருந்தது. அதன் பின்னால் தண்ணீர்ப் பாதையில், விரலால் அள்ளினால் வருகிற அளவுக்குத் துருச்சேறு. கனெக்டிங் ராடு பேரிங்குகளில் பளபளப்புப் போய்ச் சாம்பல் நிறமாகத் திட்டுத் திட்டாக இருக்கிறது. கிராங்க் ஜர்னலில் கோடு எதுவும் நகத்துக்குத் தட்டவில்லை.

மண்டபம் பட்டறை எழுதியது:

உங்கள் அளவுகளை வகுத்துப் பார்த்தேன். வாங்கிய எஞ்சினின் மூன்றாவது சிலிண்டரில் வித்தியாசம் 0.31, அதாவது விட்டத்தில் 0.10. குழியும் சேர்ந்து அது கட்டாயம் போரிங், அதுவும் மூன்று சிலிண்டருக்கும். பழைய எஞ்சினில் அதிகபட்ச வித்தியாசம் 0.12, விட்டத்தில் 0.04கூட இல்லை. ஆக, நல்ல ஹெட் வாங்கிய எஞ்சினில் இருக்கிறது. நல்ல பிளாக் உங்கள் சொந்த எஞ்சினில் இருக்கிறது. டிராவல்ஸ் தம்பி சொன்னபடி இரண்டும் ஒரே மாடல்தான் என்று ஒப்பிட்டு உறுதி செய்துகொண்டு, அந்த ஹெட்டை இந்தப் பிளாக்கில் பூட்டுவதே என் முடிவு.

பேரிங்கின் சாம்பல் திட்டு, ஆயிலில் தண்ணீர் கலந்து ஓடியதன் அடையாளம். பேரிங் முழுவதையும் மாற்றியாக வேண்டும். ஆயில் பம்பைப் பிரித்துப் பார்த்து, சம்பில் இருக்கும் ஸ்ட்ரெயினரையும் பிளாக்கின் ஆயில் துளைகளையும் கம்பியும் காற்றும் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். நுரை ஒரு மூலையில் உறைந்து நின்றாலும் புதுப் பேரிங் பட்டினி கிடக்கும்.

தண்ணீர்ப் பாதைக்கு வருகிறேன். எல்லாக் கோர் பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள், நன்றாகத் தெரிவதையும் சேர்த்து. ஓர் ஓரத்தை மழுங்கிய உளியால் தட்டினால் பிளக் திரும்பி நிற்கும், இடுக்கியால் இழுத்துவிடலாம். சேற்றைக் கம்பியால் கிளறி, வேகமான தண்ணீரில் எல்லாத் துளைகளிலிருந்தும் தெளிந்த நீர் வரும் வரை கழுவுங்கள். கிடைத்தால் பித்தளைப் பிளக் போடுங்கள். நம் பக்கத்தில் இரும்பை விட அதற்கு ஆயுள் அதிகம். இனிமேல் ரேடியேட்டரில் கூலன்ட்டும் பேட்டரித் தண்ணீரும் (உப்பு நீக்கிய டிஸ்டில்டு வாட்டர்) மட்டுமே. ஊருணித் தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கும். எஞ்சினுக்கு அதுவும் வேண்டாம்.

ராம்நாடு டிராவல்ஸ் எழுதியது:

அளவுகளைப் பார்த்த பிறகு, வாங்கிய எஞ்சினை அப்படியே ஏற்றியிருந்தால் பெரும் தவறாகியிருக்கும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் பழைய பிளாக்கில் என் கருத்தை அழுத்திச் சொல்கிறேன்: போரிங் வேண்டாம், பிஸ்டனை மாற்ற வேண்டாம். மெல்லிய ஹோனிங், ஸ்டாண்டர்ட் அளவில் புது ரிங், ஸ்டாண்டர்ட் பேரிங் போதும். ரிங் போடும் முன் பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தில் கரியைச் சுரண்டி எடுங்கள். பள்ளத்தின் உலோகத்தைச் சுரண்டிவிடக் கூடாது. மேல் விளிம்புத் திட்டையும் லேத்தில் எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் புது ரிங் அதில் மோதி உடையும்.

பதிவுச் சான்றிதழைப் பற்றி யாரும் எழுதவில்லை. எஞ்சின் எண் பிளாக்கில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வாங்கிய எஞ்சினை முழுதாக ஏற்றியிருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி 14 நாட்களுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து, புதிய எண்ணைப் பதிய வேண்டியிருக்கும். அதற்கு எஞ்சின் எண் குறிப்பிட்ட ரசீது வேண்டும். இல்லையென்றால் விபத்துக் காலத்தில் காப்பீட்டிலும் சிக்கல் வரும். சொந்தப் பிளாக்கையே பயன்படுத்துவதால் அந்த வேலை உங்களுக்கு இல்லை. மற்றவர்கள் எஞ்சின் வாங்கும்போது ரசீதில் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பரமக்குடி லேத் எழுதியது:

டிராவல்ஸ் சொல்வதுதான் சரி. 0.04க்குப் போரிங் தேவையில்லை. பிளாக்கின் மேல்தளத்தையும் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஹெட் அரித்த அதே இடத்தில் பிளாக்கில் குழி இருக்க வாய்ப்புண்டு. இருந்தால் ஹோனிங்குக்கு வரும்போதே மேல்தளத்தையும் லேசாக அரைத்துத் தருவோம்.

புது ரிங்கின் வாய் இடைவெளியை ஒவ்வொரு சிலிண்டரிலும் தனித்தனியாக அளந்து போடுங்கள். விட்டத்தில் ஆயிரத்துக்கு நான்கு பங்கு என்பது பொதுவான கணக்கு, 68.5க்கு ஏறத்தாழ 0.27 வரும். அதை விட மிகக் குறைந்தால், சூட்டில் ரிங் முனைகள் முட்டிச் சுவரைக் கீறும். மெல்லிய அரத்தால் ஒரு முனையை மட்டும் ராவிக்கொள்ளலாம். ரிங்கில் எழுத்துள்ள பக்கம் மேலே பார்க்க வேண்டும். மூன்று ரிங்குகளின் வாய்களும் ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது.

உப்பூர் வேன் எழுதியது:

பிளாக்கின் மேல்தளத்தில் அதே இடத்தில் சிறிய குழி இருக்கத்தான் செய்கிறது. பிளாக்கையும், வாங்கிய எஞ்சினின் ஹெட்டையும் பரமக்குடிக்குக் கொண்டு வருகிறேன். ஹெட்டுக்கு வெந்நீர்ச் சோதனையும் செய்துகொள்கிறேன். பூட்டி முடித்த பின் முதலில் ஸ்டார்ட் செய்வது எப்படி, சரக்கு எப்போதிலிருந்து ஏற்றலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

மண்டபம் பட்டறை எழுதியது:

பூட்டும்போதே ஆயில் பம்பின் பற்களில் ஆயிலை நிறைத்துப் பூட்டுங்கள். வண்டியில் ஏற்றிய பின் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரில் விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஆயில் அழுத்தம் வராமல் எஞ்சினைப் பிடிக்க வைக்க வேண்டாம். ஓடத் தொடங்கியதும் ரேடியேட்டரில் காற்றுப் பூட்டு இல்லாமல் கூலன்ட் முழுவதும் இறங்கிவிட்டதா என்று பாருங்கள், ஹீட் முள்ளின் மேல் கண் இருக்கட்டும். சில்லென்று ஆறிய பிறகு வால்வு இடைவெளியை மேனுவல் அளவுக்கு மீண்டும் சரிபாருங்கள்.

வீட்டு வாசலில் நிறுத்தி மணிக்கணக்கில் ஐடிலில் ஓட விடும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. அதில் ரிங் சுவரோடு படியாது. சாலையில் எடுத்து ஓட்டுங்கள். நம் கிழக்குக் கடற்கரைச் சாலை ஏற்றமே இல்லாத நேர்சாலை என்பதால் ஒரே வேகத்தில் போய்க்கொண்டே இருப்போம், அதுவும் கூடாது. மிதமாக வேகத்தைக் கூட்டி, ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் தானாகக் குறைய விட்டு, மீண்டும் கூட்டி ஓட்டுங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். இறக்கிய ஆயிலை வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்துப் பாருங்கள். பால் நிறம் துளியும் இருக்கக் கூடாது. 1000 கிலோமீட்டர் வரை பாதிச் சரக்கு. அதன் பிறகு முழுச் சரக்கு ஏற்றலாம்.

வாங்கிய எஞ்சினின் பிளாக்கை எடைக்குப் போட வேண்டாம். சிலிண்டர்களில் ஆயிலைத் தாராளமாகப் பூசி, துளைகளையெல்லாம் அடைத்து, பாலித்தீன் சுற்றி வீட்டுக்குள் வையுங்கள். அதன் கிராங்க்கை நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள், படுக்க வைத்தால் நாளடைவில் வளைந்துவிடும் என்பார்கள். போரிங் போட இடமுள்ள பிளாக் அது.